அடுத்த துரை

காலை ஆறு மணி பத்து நிமிடம். பத்திரிகைக் கந்தோரில் இரவு வேலை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து, முகம் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்கும் நான் இருந்த வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் முதலில் கண்ணில் பட்டவை மூன்று தலைகளின் உச்சிகள். ஓர் அம்மா, ஆறு வயதுப் பெண், நாலு வயதுப் பையன். உயர வரிசைப்படி நின்று ஒரு நாற்காலியை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்கள். நாற்காலியில், சாரத்துக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் குறுக்காக ஒரு குடை. அது வாள் என்று பிறகு எனக்குச் சொல்லப்பட்டது.

"இன்னும் கீழ, ஏட்டி. முதுகு பலகை மாதிரி இருக்கணும். ஒடிஞ்சா போவும்?"

"ஒடியத்தான் போவுது. அஞ்சாவது மாசம்," என்றார் அந்த அம்மா, குனிந்தபடியே.

"வயித்துல இருக்கறதும் பழகட்டும்."

சிங்கப்பூர் விழுந்த செய்திக்கு நான் தலைப்புப் போட்டது அந்த வாரத்தில்தான். அடுத்தது கொழும்பு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அயலவர்கள் அரிசி சேர்த்தார்கள், பதுங்கு குழி வெட்டினார்கள், பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜப்பான் பாஷை படித்தார். தான் மட்டும் படித்தால் போதாது என்று வீட்டையே படிக்க வைத்தார்.

அவர் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜண்டுக் கந்தோரில் கிளாக்கர். கல்யாணம் முடித்த கையோடு மனைவியைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தவர். பிள்ளைகள் இரண்டும் கொட்டாஞ்சேனையில் பிறந்தவை. ஒல்லியான, சுத்தமான, எப்போதும் சவரம் செய்த மனிதர். குடிக்க மாட்டார். சீட்டு ஆட மாட்டார். யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். இந்த நற்குணங்கள் அனைத்தையும் அவர் ஒரே காரியத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார். நாளைக்கு யார் துரையாக வருவாரோ அவருக்கு இன்றைக்கே வணக்கம் போடப் பழகுவதுதான் அந்தக் காரியம்.

இதை அவர் ஒளித்துச் செய்ததில்லை. மதிலில் கையூன்றி எனக்கே உபதேசித்திருக்கிறார்.

"இருக்கற ஆளுக்கு எவனும் கும்பிடு போடுவான் வே. அதுல என்ன கெட்டிக்காரத்தனம்? அடுத்த ஆளைப் பாக்கணும். அவன் கப்பல்ல ஏறுததுக்கு முந்தியே பாத்துரணும்."

கந்தோருக்கு ஸ்கொட்லாந்திலிருந்து புது மனேஜர் வருகிறார் என்று தெரிந்த வருஷம் அவர் வீட்டில் காலைப் பலகாரம் ஓட்ஸ் கஞ்சி ஆயிற்று. பிள்ளைகள் அதைத் தின்ன முடியாமல் ஓங்கரித்தன. மனேஜர் வந்தார். அவருக்குக் காலையில் பிடித்தது அப்பமும் கட்டைச் சம்பலும் என்று தெரிந்தது. ஆனால் ஸ்கொட்லாந்துக்காரரைப் போல 'ர'கரத்தை உருட்டி இங்கிலீஷ் பேசும் பழக்கம் மட்டும் இவர் நாக்கில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சிங்கள மந்திரிமார் கை ஓங்கியபோது கோட்டுக்குப் பதில் அவர்களைப் போல் நீளக் கை வெள்ளை ஜிப்பா தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய காங்கிரஸ் தலைவர் வந்திருந்தபோது ஒரு கிழமை முழுக்கக் கதர். தலைவர் கப்பலேறிய அன்று மாலையே அந்தக் கதர் அடுப்படிக் கைப்பிடித் துணியானதை நான் மதில் வழியாகப் பார்த்தேன்.

அவர் ஜப்பானை நேசித்தார் என்று சொன்னால் அது ஜப்பானுக்கே அநியாயம். அந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது ஜெயிக்கிறது என்பது ஒன்றுதான்.

பாஷை வந்த வழியையும் சொல்ல வேண்டும். கோட்டைப் பகுதியில் ஒரு ஜப்பான்காரர் பீங்கான் சாமானும் பொம்மையும் விற்கும் கடை நடத்தினார். யுத்தம் அவர் நாட்டை எட்டுவதற்கு முன்பே நம்மவர் மணம் பிடித்துவிட்டார். சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார்ந்து, அந்த மனிதரிடம் வணக்கம், நன்றி, தண்ணீர், சோறு என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். காசு வாங்காமல் அவர் கற்றுக்கொடுத்தார். தேத்தண்ணியும் கொடுத்தார். டிசம்பரில் ஒரு மாலை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து கடைக்காரரைக் கூட்டிப் போயிற்று. நீ யார், இங்கே என்ன வேலை என்று கொன்ஸ்தாபல் இவரைக் கேட்டான். கோப்பை வாங்க வந்தேன் என்று இவர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு கோப்பையை எடுத்து விலை கேட்டார். கை பிடிக்கப்பட்டு நின்ற மனிதர் விலை சொன்னார். இவர் குறைத்துக் கேட்டார்.

"அப்பத்தான வே அசல் கிராக்கி மாதிரி இருக்கும்," என்று அதை அவரே எனக்குச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு நிறைவு.

"அந்த ஆள் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவான்? பேப்பர்ல சுத்திக் குடுத்தான்."

சிங்கப்பூருக்குப் பிறகு அந்த வீட்டில் தமிழ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் 'மிசு' என்று கேட்க வேண்டும். வெயிலில் விளையாடிவிட்டு வந்த மூத்த பெண் பாப்பா, "அப்பா, தண்ணி," என்று சொன்னால் அவர் செவிடராகிவிடுவார். கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டே செவிடராவார். அந்தப் பெண்ணுக்கு நல்ல ஞாபகம். ஒரு மாதத்துக்குள் அட்சரம் பிசகாமல் பேசத் தொடங்கிவிட்டது. எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி, இடுப்பிலிருந்து மடங்கி, "அரிகாத்தோ கொசாய்மாஸ்" என்று சொல்லும். நன்றி என்று அர்த்தம். தகப்பனுக்கு அதில் பெருமை தாங்காது. வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துப் பாப்பாவிடம் நீட்டச் சொல்வார்.

இடியப்பம் பட்டபாடு தனி. ஜப்பான்காரர் குச்சியால் சாப்பிடுவார்கள் என்று கமுக மரத் துண்டைச் சீவி நாலு சோடி செய்தார். சொதியில் ஊறின இடியப்பம் குச்சியில் நிற்குமா? பையனின் மடியெல்லாம் சொதி. அந்த அம்மா பையனுக்குக் கையால் ஊட்டிவிடுவார். இவர் மட்டும் விடாமல் ஒவ்வோர் இழையாகத் தூக்கிக்கொண்டிருப்பார். கந்தோருக்குப் பிந்தியும் போயிருக்கிறார்.

அவர்கள் வேதக்காரர். சாப்பிட முன்பு சிலுவை போட்டுக்கொள்வார்கள். சோற்றுக்கு முன்னால் ஜப்பான்காரர் சொல்லும் வாழ்த்தைத்தான் இனிச் சொல்ல வேண்டும் என்று இவர் உத்தரவிட்டபோதுதான் அந்த அம்மா முதல்முறையாகக் குரல் உயர்த்தியதைக் கேட்டேன்.

"ஆண்டவருக்குச் சொல்லிட்டு மிச்ச ஆளுங்களுக்குச் சொல்லுவோம். அவருக்கு முந்தி எவனும் கிடையாது."

"அது சரி, அது சரி," என்று இவர் இறங்கிவிட்டார். ஆண்டவரும் ஒருவகையில் வரப்போகிறவர் என்பது ஞாபகம் வந்திருக்கலாம்.

முன் அறையில் இங்கிலாந்து ராசாவின் படம் ஒன்று சட்டத்துக்குள் தொங்கியது. அதை அவர் கழற்றவில்லை. அதே சட்டத்தில் ராசாவுக்குப் பின்னால், பீங்கான் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியிலிருந்து வெட்டிய பனிமலைப் படத்தைச் செருகி வைத்திருந்தார். தேவையான அன்று திருப்பிப் போட்டால் சரி.

தெரு முழுக்க இது தெரிந்திருந்தது. எதிர்ச்சாரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா அவரைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

"என்ன மாத்தயா, ஜப்பான்காரன் வந்தா ஒங்களுக்கு என்ன உத்தியோகம் தருவான்?"

"மொழிபெயர்ப்பாளர்னா சும்மாவா நானா? கவர்னர் பக்கத்துலதான் நாற்காலி."

"அவன் வாற நேரம் நாற்காலி எங்க இரிக்கப் போகுது? வாங்கோ, எங்கட கடையில பருப்பு நிறுக்க ஆள் இல்ல. ஜப்பான் பாஷையிலயே நிறுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு நானாவின் பெயரை மனதில் குறித்துக்கொண்டதாக என்னிடம் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற வேண்டும். குண்டு விழுமுன், கப்பல் ஓடும்போதே, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட வேண்டும். நான் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து மதிலடியில் நிற்பார்.

"பேப்பர்காரண்ணே, தலைமன்னார்க் கப்பல் ஓடுதா?"

"இன்றைக்கு ஓடுதம்மா."

"நாளைக்கு?"

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் பத்திரிகையில் இருந்திருக்க மாட்டேன். தெரியாது என்று சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் புருஷனின் குரல் கேட்கும்.

"ஓடிப்போனவன் வீட்டுக்கு எவன் வேலை குடுப்பான்? வாறவன் முதல்ல பாக்கப்போறது யாரு நின்னா, யாரு ஓடினாங்கறதைத்தான். நாம குடும்பத்தோட வாசல்ல நிக்கணும். பாப்பா முன்னால நிக்கணும். அவ ஒரு வார்த்தை சொன்னா அவன் துப்பாக்கியை இறக்கிருவான்."

ஆறு வயதுப் பிள்ளையைத் துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்துவதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன வேறொருவரை நான் சந்திக்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரர்கள் வந்தார்கள், ஆகாயத்தில். அந்த அம்மா பிள்ளைகளோடு கோயிலில் இருந்தார். நான் வீட்டில் படுத்திருந்தேன். பீரங்கிச் சத்தம் கேட்டு முன்கதவைத் திறந்தபோது, துறைமுகப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வாசலில் வெள்ளைக் கோட்டும் வெறுங்கையுமாக, குடைகூட இல்லாமல், அவர் நின்றார். பயப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கலியாண வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் பார்க்க நிற்பவரைப் போல் நின்றார். விமானங்கள் போய்விட்டன. அவர் மத்தியானம் வரை நின்றார். கடைக் கதவை ஒரு பலகை மட்டும் நீக்கி நானா எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வரல்லயா மாத்தயா, ஒங்கட ஆக்கள்?"

"பொழுது சாயட்டும். முதல்ல குண்டு, பொறவுதான் ஆபீசர். அதுதான் முறை."

பொழுது சாய்ந்தது. ஆபீசர் வரவில்லை. எங்கள் ஒழுங்கையின் கோடியில் குடியிருந்த துறைமுகத் தொழிலாளி ஒருவரின் உடல்தான் கைவண்டியில் வந்தது. அந்த அம்மா அந்த வீட்டுக்குப் போய்ச் செத்தவரின் மனைவியோடு உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் திரும்பினார். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன.

"கை கழுவிட்டு உக்காரு. பாப்பா, சோத்துக்கு முந்தி என்ன சொல்லணும்?"

பாப்பா ஜப்பான் வாழ்த்தைச் சொல்லத் தொடங்கியது. ஒரு தட்டு நகர்த்தப்படும் சத்தம்.

"நாளைக்கு நானும் பிள்ளைகளும் ஊருக்குப் போறோம்."

"கிறுக்கா உனக்கு? இன்னைக்குத்தான அவனே கதவைத் தட்டிருக்கான்..."

"டிக்கெட் எடுத்துத் தாரீங்களா, இல்ல ராசா படத்தைக் கழட்டித் தெருமுனையில நிக்கற பட்டாளத்தான்கிட்ட காட்டட்டா? பின்பக்கத்தையும் சேத்துக் காட்டுவேன்."

காலையில் அவர் தலைமன்னார் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போனார்.

திங்கட்கிழமை மாலை கோட்டை ரயில் நிலையத்தில் கொழும்பே நின்றது. பாய், பெட்டி, கோழிக்கூடு, தையல் மெஷின் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டதால் நானும் தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். மறு பக்கத்தைக் கூலிக்காரர் பிடித்திருந்தார். வீட்டுக்காரர் குடை பிடித்திருந்தார்.

பிளாட்பார வாசலில் இராணுவப் போலீஸ் சார்ஜன்ட் ஒருவன் நின்றான். இடது கை கட்டுப் போட்டுத் தூளியில் தொங்கியது. நெரிசலில் பிள்ளைகள் அழுவதைப் பார்த்துச் சட்டைப் பையிலிருந்து டொபி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பாப்பாவுக்கும் ஒன்று நீட்டினான்.

பாப்பா இரண்டு கையாலும் வாங்கியது. இடுப்பிலிருந்து மடங்கிப் பலகை போல் குனிந்தது. தெளிவான குரலில் "அரிகாத்தோ கொசாய்மாஸ்" என்றது.

சார்ஜன்ட்டின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுந்தது. அவன் மலாயாச் சண்டையிலிருந்து தப்பி வந்தவன். அந்த வார்த்தையை எங்கே கேட்டான் என்பதை உரத்த குரலில் அவனே சொன்னான். வாசல் கம்பியை இழுத்து அடைத்தான். பக்கத்தில் நின்ற டிக்கெட் பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான்.

"அம்மா, பிள்ளைக்கு இதை ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு கேக்கிறார். பதில் சொல்லாட்டில் வண்டியில ஏற விடமாட்டாராம். பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப் போறாராம்."

எஞ்சின் ஒரு முறை கூவியது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு அடி தள்ளி, நேர அட்டவணைப் பலகைக்கு முன்னால், குடையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். கண்டி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்ப்பவரைப் போல் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"ஐயா, நீங்கள் இவையோட வந்தனீங்களோ?"

அவர் இங்கிலீஷில், சார்ஜன்ட்டுக்குக் கேட்கும்படி, ஸ்கொட்லாந்து 'ர'கரம் உருள, பதில் சொன்னார். ஒரு நண்பரை வழியனுப்ப வந்ததாகவும் இந்தப் பெண்ணைத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டார்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். வாய் திறப்பதற்குள் அந்த அம்மா பேசிவிட்டார்.

"இதோட அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

"அவர் எங்கை?"

அந்த அம்மா மறுபடி பலகைப் பக்கம் பார்க்கவில்லை.

"செத்துப் போயிட்டாரு. நேத்து, துறைமுகத்துல. ஜப்பான் கப்பல் வந்து போன காலத்துல சாமான் ஏத்தி இறக்கினவரு. அங்க படிச்ச பேச்சு."

பாப்பா நிமிர்ந்து தகப்பன் நின்ற பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. தாய் டொபியின் தாளை உரித்து அந்த வாய்க்குள் வைத்தார்.

பரிசோதகர் இங்கிலீஷில் சொன்னார். சார்ஜன்ட் சற்று நேரம் அந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். கம்பியைத் திறந்துவிட்டு, நான் கீழே வைத்த பெட்டியை நல்ல கையால் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களை நெருங்கி உட்காரச் சொல்லி அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

வண்டி நகர்ந்து கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் மறைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீரா வே? எப்படிச் சமாளிச்சா! நம்ம பழக்கம் கொஞ்சம் கொஞ்சமா அவளுக்கும் வந்துட்டு."

நிலைய வாசலில் அவர் ட்ராம் பிடித்தார். நான் நடந்தேன்.

ஜப்பான்காரர் பிறகு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கந்தோர் நட்டமில்லாமல் நடந்தது. யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் அவரைக் கண்டேன். அங்கே ஓர் அறை எடுத்திருந்தார். கையில் சிலேட்டு இருந்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான், இனி டில்லிதான் எல்லாம், அதனால் ஹிந்தி வகுப்புக்குப் போகிறேன் என்றார். எழுத்து முழுவதும் வந்துவிட்டதாம். வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஊர்லதான் இருக்கா. எத்தனை காயிதம் போட்டாலும் பதில் இல்ல. பொம்பளைக் கோவம் வே, போவப் போவச் சரியாயிரும். ஹிந்தி மட்டும் வந்துட்டுன்னா நானே அங்கிட்டுப் போயி நல்ல உத்தியோகமா பாத்துருவேன்."

அதே ஆண்டு பத்திரிகை வேலையாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அந்த அம்மாவைக் கண்டுகொண்டேன். பாப்பா தாயின் தோளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்திராத சின்னப் பெண் ஒன்று நின்றது. "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார். கொழும்பைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. அவர் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்.